தபால்தலை சேர்த்த பட்டதாரிகள்

கீரனூர்ப் பக்கத்தில் 2004க்கும் 2019க்கும் நடுவே பட்டம் வாங்கிய பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பொழுதுபோக்கு தபால்தலை சேகரிப்பது. யாரும் வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்த விவரம் இல்லை இது. அவரவர் பயோடேட்டாவில் அப்படித்தான் அடித்திருக்கிறது. பி.காம். படித்தவனுக்கும் அதுதான், மெக்கானிக்கல் படித்தவனுக்கும் அதுதான், தாவரவியலில் பதக்கம் வாங்கிய பெண்ணுக்கும் அதுதான். இவர்களில் முக்கால்வாசிப் பேர் தபால் ஆபீஸ் படியேறியது ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்துவதற்காக மட்டும்.

இத்தனைக்கும் பொறுப்பு ஒரே ஆள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சாரியில், மாடிப்படிக்கு அடியில் 'நியூ லைன் கம்ப்யூட்டர்ஸ்' வைத்திருக்கும் திருப்பதி. வயது நாற்பத்தெட்டு. கடைப் பெயரில் இருக்கிற 'நியூ'வுக்கு வயது இருபத்தொன்று. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு என்று போர்டு சொல்லும். ஆனாலும் ஊர் அவரை 'பயோடேட்டா திருப்பதி' என்றுதான் சொல்லும். நாலாயிரம் பேருக்காவது அடித்துக் கொடுத்திருப்பார். இவருக்கு ஒரு பயோடேட்டா தேவைப்படும் என்று யாரும் நினைத்ததில்லை, அவரும் நினைத்ததில்லை.

போன ஆனி மாதம் கட்டடச் சொந்தக்காரர் வந்து, வாசலிலேயே நின்றபடி சொன்னார்: "திருப்பதி, ஆவணி பொறந்தா இடிக்கிறோம். கீழ நகைக்கடை வருது. ஒனக்குன்னு ஒரு எடம் ஒதுக்கலாம்னு பாத்தேன், ஆனா படிக்கட்ட அங்கிட்டு மாத்துறாங்களே." படிக்கட்டே இடம் மாறும்போது படிக்கட்டுக்கு அடியில் இருப்பவர் என்ன செய்வது? "சரிங்கண்ணே" என்றார் திருப்பதி.

வீட்டில் திலகவதியிடம் சொன்னார். அவர் மனைவி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர். முப்பது பிள்ளைகளை மேய்த்துவிட்டு வீடு திரும்புகிறவருக்குப் பெரிய மனிதர்களின் கவலை அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

"ஊருக்கெல்லாம் வேலைக்கு எழுதிக் குடுத்த கைதானங்க. ஒங்களுக்கு ஒண்ணு எழுதிக்கங்க."

"எனக்கு யாரு குடுப்பா?"

"அதெல்லாம் தெரியாது. வீட்டுல சும்மா ஒக்காந்து, நான் எழுதி வச்ச மளிகைச் சீட்டத் திருத்துற வேலை மட்டும் வேணாம்."

அவர் திருத்துவார். அது உண்மை. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பேரைப் பார்ப்பதற்கு முன்னால் எழுத்துப் பிழையைப் பார்க்கிற ஆள் அவர்.

அந்த வாரமே வைஷ்ணவி கடைக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டு பழக்கடைக்காரர் மகள். அந்த வருஷம் பி.எஸ்ஸி. முடித்தவள். போனிலேயே பயோடேட்டா செய்துகொண்டு வந்திருந்தாள். ஓரத்தில் நீலப் பட்டை, வட்டத்துக்குள் படம், திறமைகளுக்கெல்லாம் ஐந்துக்கு நாலு நட்சத்திரம். "அங்கிள், கலர்ல ரெண்டு காப்பி. அப்படியே இந்த விளம்பரமும் ஒண்ணு எடுங்க."

விளம்பரத்தைப் பிரிண்டரிலிருந்து எடுக்கும்போதே வாசித்தார். மாத்தூர்ப் பக்கம், பாய்லருக்கான குழாய் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி. அலுவலகப் பிரிவுக்கு ஆட்கள் வேண்டும். இந்த ஆண்டு பட்டம் பெற்றவர்கள் மட்டும். முன் அனுபவம் தேவையில்லை. பிறகு எதிர்பார்க்கும் திறன்கள் என்று எட்டு: பேச்சுத் திறன், குழுவாக உழைக்கும் பண்பு, தலைமைப் பண்பு, சிக்கலைத் தீர்க்கும் ஆற்றல், நெருக்கடியில் நிதானம், நேர்மறை எண்ணம், விரைவாகக் கற்றல், புதிய தொழில்நுட்ப அறிவு. எட்டையும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆளாளுக்கு அள்ளிக் கொடுத்தவர் அவர்தானே.

"இதுல வயசு போடலையேம்மா?"

"இந்த வருசம் டிகிரி முடிச்சவங்கன்னா இருவத்தொண்ணுதான அங்கிள். அதுக்கெதுக்குத் தனியா வயசு?"

திருப்பதி இன்னொரு காப்பி எடுத்து மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். ஏனென்றால் அந்த வருஷம் அவரும் பட்டம் வாங்கியிருந்தார்.

அது ஒரு விபத்து என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால், தொலைநிலைக் கல்விக்கு விண்ணப்பம் போட ஓர் ஆள் வந்தார். ஆன்லைன் படிவத்தை எப்படி நிரப்புவது என்று காட்டுவதற்காகத் திருப்பதி மாதிரிக்குத் தன் பெயரையே அடித்தார். பி.ஏ. வரலாறு. வந்தவர் "யோசிச்சுட்டு வாரேன்" என்று போனவர் போனவர்தான். திரையில் திருப்பதியின் படிவம் பாதி நிரம்பி நின்றது. எதையும் பாதியில் விடுவது அவருக்கு ஆகாது. மீதியையும் நிரப்பி அனுப்பிவிட்டார். மூன்று வருஷப் படிப்பு ஆறு வருஷம் ஆனது, ஆங்கிலத் தாள் ஒன்று ஐந்து தடவை தகராறு செய்ததால். கீரனூருக்கே ஆங்கிலத்தில் பயோடேட்டா எழுதியவருக்கு ஆங்கிலத்தில் அரியர். இதைக் கடையில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

எதையும் பாதியில் விடமாட்டேன் என்பதும் அவர் சொந்தச் சரக்கில்லை. அது மணிமேகலையுடையது.

கடை திறந்து நாலாவது நாள், 2004 ஜூன். அதுவரை கடைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள், மூவரும் புதுக்கோட்டை பஸ் எப்போது என்று கேட்டவர்கள். நார்த்தாமலையிலிருந்து வந்த மணிமேகலையின் கையில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி.

"பயோடேட்டா அடிப்பீங்களா?"

"அடிப்பமே" என்றார் திருப்பதி. அன்றுவரை ஒரு பயோடேட்டாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ப்ளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டவர். வேகம் இருந்தது. என்ன அடிப்பது என்பதுதான் தெரியவில்லை.

ஆக ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயர், அப்பா பெயர், மார்க். அதுவரை சிக்கல் இல்லை.

"நம்ம பலம் என்னன்னு ஒரு எடம் இருக்குமாம்ல. கடின உழைப்பாளின்னு போட்டுரவா?"

"வேணாங்க. எங்க அண்ணனும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியுது. பகல் பன்னெண்டுக்கு எந்திரிக்கும்."

"அப்ப என்ன போடுறது?"

அந்தப் பெண் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தது. அப்படி யோசித்த ஒருத்தரைத் திருப்பதி அதன் பிறகு பார்க்கவில்லை. "எடுத்த காரியத்தப் பாதியில விடமாட்டேன். அதப் போடுங்க" என்றது. அதை ஆங்கிலமாக்க இருவரும் சேர்ந்து அரைமணி நேரம் மல்லுக்கட்டினார்கள். பொழுதுபோக்கு? "ஸ்டாம்பு சேக்குறேன். எங்க சித்தப்பா குவைத்துல இருக்காரு. லெட்டர் வந்தா ஒறையோட தண்ணியில ஊறப்போட்டு, கிழியாம எடுத்துருவேன்." முன் அனுபவம்? "இல்ல. இனிமேதான்."

கடைசி வரி அடிக்கும்போது கரண்ட் போனது. சேமித்து வைக்க வேண்டும் என்பதைத் திருப்பதி அன்றுதான் தெரிந்துகொண்டார். ஒன்றரை மணி நேர வேலை காற்றோடு போயிற்று. அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கரண்ட் வரட்டுங்க. மொதல்லருந்து சொல்லுறேன்" என்றது. பலம் என்ற இடத்தில் அடித்தது பொய் இல்லை என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

போகும்போது பர்சிலிருந்து ஒரு தபால்தலையை எடுத்து மேஜைமேல் வைத்தது. குவைத்துத் தலை, ராஜாளிப் படம் போட்டது. "கடைக்கு மொதப் பயோடேட்டா என்னோடதுதான? இருக்கட்டும், வச்சுக்கங்க. என்கிட்ட இது ரெண்டு இருக்கு." திருப்பதி அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். அடுத்த வருஷம் அந்தப் பெண் ஒரு பாக்கெட் பால்கோவாவோடு வந்து, ஓசூரில் மருந்துக் கம்பெனி லேபில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனது. அவ்வளவுதான். காதல் கீதல் என்று யாரும் கற்பனை பண்ண வேண்டாம். அவருக்குத் திலகவதியை நிச்சயம் பண்ணிய மாதம் அது. ஒரு மனுஷியைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீ யார் என்று கேட்டு, சொன்னதை அப்படியே அடித்த நாள் அது ஒன்றுதான். அதனால்தான் மறக்கவில்லை.

ஏனென்றால் ஐந்தாவது நாள் வந்தவனிடம் அவர் கேட்கவில்லை. மணிமேகலையின் ஃபைலைத் திறந்தார். பெயரை மாற்றினார், அப்பா பெயரை மாற்றினார், மார்க்கை மாற்றினார். "பொழுதுபோக்கு ஸ்டாம்பு சேக்குறதுன்னு இருக்கு தம்பி." "இருக்கட்டும்ணே. பெரிய எடத்துப் புள்ள மாதிரி இருக்கு." பத்தே நிமிஷம். அவன் ஃபைலைத் திறந்து அடுத்தவனுக்கு, அடுத்தவன் ஃபைலைத் திறந்து அதற்கடுத்தவளுக்கு. இப்படியே மணிமேகலையின் குணங்கள் ஒட்டுவாரொட்டியாகக் கீரனூர் முழுக்கப் பரவின. பாதியில் படிப்பை விட்டவன்கூடப் பாதியில் எதையும் விடாதவன் ஆனான்.

மேலே மேலே அடுக்கு சேர்ந்தது வேறு. ஒவ்வொரு வருஷமும் கம்பெனிகளுக்கு ஏதாவது ஒரு புதுக் குணம் வேண்டியிருந்தது. முதலில் கம்ப்யூட்டர் தெரிந்தால் போதும் என்றார்கள். தெரிந்தவர்கள் பெருகியதும் பேசத் தெரிய வேண்டும் என்றார்கள். பேசத் தெரிந்தவர்கள் பெருகியதும் சேர்ந்து உழைக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். "டீம் பிளேயர்னா என்னண்ணே?" என்று ஒரு பையன் கேட்டான். "கபடி மாதிரிதான். அடி படும், பேரு கேப்டனுக்கு" என்றார் திருப்பதி. பிறகு தலைமைப் பண்பு வந்தது. காலை பத்து மணிக்குச் செய்தித்தாளில் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். பதினோரு மணிக்குள் கீரனூர்ப் பட்டதாரிகள் அத்தனை பேருக்கும் தலைமைப் பண்பு உண்டாகிவிட்டது. எல்லோரும் தலைவராகிவிட்டால் அந்த டீமில் யார் இருப்பது என்று எந்தக் கம்பெனியும் கேட்டதாகத் தெரியவில்லை. நெருக்கடியில், அதாவது ஆங்கிலத்தில் 'பிரஷரில்', நிதானம் என்று ஒன்று வந்தபோது, "பிரஷரும் போடணுமா? எங்கப்பாவுக்குத்தான் இருக்கு" என்று ஒரு பெண் பதறியது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், தரைமட்டத்தில், தபால்தலையும் பாதியில் விடாத வைராக்கியமும் அப்படியே கிடந்தன.

2019க்குப் பிறகு பிள்ளைகள் போனிலேயே செய்துகொள்ள ஆரம்பித்தார்கள். அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தபால்தலைக்குப் பதிலாகப் 'பயணம்' என்று போட்டுக்கொண்டார்கள். திருச்சியைத் தாண்டாதவர்கள்.

விளம்பரத்தைப் பார்த்த அன்று மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், திருப்பதி தன் பயோடேட்டாவை அடிக்க உட்கார்ந்தார். கடைசியாக அடித்த ஃபைலைத் திறந்தார். அதில் பதினான்கு குணங்கள் இருந்தன. ஒரு மனிதனுக்கு அது அதிகம் என்று பட்டது. மூடினார். பழைய ஃபைல்களைத் தேடி, ஆக அடியில் இருந்த 'மணி' என்பதைத் திறந்தார். ஒரே பக்கம். பார்த்ததும் மனசு ஒரு நிமிஷம் எங்கேயோ போய் வந்தது. அந்த எழுத்து வடிவம்கூட இப்போது யாரும் போடுவதில்லை.

பெயரை மாற்றினார். அப்பா பெயரை மாற்றினார். பி.எஸ்ஸி.யை பி.ஏ. ஆக்கினார். ஊரை மாற்றினார். பலம் என்ற இடத்துக்கு வந்து, அது தனக்கும் பொருந்தும் என்று விட்டுவிட்டார். பொழுதுபோக்கில் அழிக்கிற பட்டன்வரை விரல் போனது. அழித்துவிட்டு என்ன போடுவது? இருபத்தோரு வருஷமாக மற்றவர்களின் பொழுதுபோக்கை அடித்ததைத் தவிர அவருக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று இருந்ததில்லை. விரல் திரும்பி வந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிழை எதுவும் கண்ணில் படவில்லை. பிரிண்ட் எடுத்தார்.

நேர்காணல் அன்று திலகவதி சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார். "என்ன கேட்டாலும் பட்டுன்னு பதில் சொல்லுங்க. ஸ்பெல்லிங் யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க."

"கெடைக்கலைன்னா?"

"கெடைக்கலைன்னா, அங்கன்வாடில மூணு புள்ள குறையுது, ஒங்களச் சேத்துவிடுறேன். சத்துமாவு குடுப்பாங்க. போயிட்டு வாங்க."

மாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, கம்பெனி ஹாலுக்குள் நுழைந்ததும் இருபத்துமூன்று பேர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். "குட் மார்னிங் சார்!" ஒரு பையன் தன் ஃபைலையே நீட்டிவிட்டான். திருப்பதி அதை வாங்கி, பழக்கத்தில் ஒரு பார்வை பார்த்து, "மார்ச்சு மாசம் முப்பத்திரண்டாம் தேதி பொறந்திருக்கியே தம்பி, ரெண்டத் தூக்கி ஒண்ணாக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பையனுக்குக் கால்மணி நேரம் ஒன்றும் புரியவில்லை. வைஷ்ணவிக்குத்தான் முதலில் புரிந்தது. "அங்கிள்! நீங்களா? அன்னைக்கு ஒரு காப்பி எடுத்து வச்சீங்களே!" என்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆனாலும் பக்கத்தில் இடம் போட்டாள்.

முதலில் குழு விவாதம். எட்டு எட்டுப் பேராக வட்டமாக உட்கார வைத்தார்கள். வேலைக்கு முக்கியம் அறிவா, நடத்தையா? ஆரம்பி என்றதுதான் தாமதம், ஏழு பேரும் ஒரே நேரத்தில் தலைமைப் பண்பைக் காட்டினார்கள். எட்டாவது ஆளான திருப்பதிக்கு வாய் எழவில்லை. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. யாராவது பேசினால் அடித்துத்தான் பழக்கம். கீபோர்டு இல்லாததால் ஒரு தாளில், யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் மேற்பார்வைக்கு நின்றவர், "யாராவது ஒருத்தர் மொத்தத்தையும் சுருக்கிச் சொல்லுங்க" என்றதும் ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்தவர் சொன்னது யாருக்கும் காதில் விழுந்திருக்கவில்லை.

"அங்கிள், அதக் குடுங்க" என்றாள் வைஷ்ணவி மெதுவாக.

கொடுத்தார். எழுந்து நின்று, கணீரென்று, ஒரு தடங்கல் இல்லாமல் வாசித்தாள். மேற்பார்வைக்காரர் தலையாட்டியபடி அவள் பெயருக்கு நேரே ஏதோ குறித்துக்கொண்டார். நாலாயிரம் தடவை அடித்த தலைமைப் பண்பைத் திருப்பதி நேரில் பார்த்தது அப்போதுதான். கையெழுத்து அவருடையது, தலைமை அவளுடையது. அவருக்குக் கோபம் வரவில்லை. அவள் வாசித்த விதம் நன்றாக இருந்தது என்றுதான் தோன்றியது.

மத்தியானத்துக்கு மேல் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஆள் எடுக்கும் பிரிவின் மேனேஜர் பிரசாந்த், முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயது இருக்கும். பக்கத்தில் தர ஆய்வுப் பிரிவுத் தலைவர் செபமாலை, இரும்பு ஷூவும் எண்ணெய்க் கறை பட்ட சட்டைக் கையுமாக, எப்போது விடுவார்கள் என்று பார்க்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பிரசாந்த் பயோடேட்டாவை வாங்கியதும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டார். "உங்களப் பத்திச் சொல்லுங்க."

எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த பதில். திருப்பதி கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டார்.

"என்ன சார்?"

"இல்ல சார். இது நான் இல்ல. இது நார்த்தாமலை மணிமேகலை."

பிரசாந்த் சிரிக்கவில்லை. "ஸ்டாம்பு சேக்குறதுன்னு போட்டிருக்கீங்க. கடைசியா எந்த ஸ்டாம்பு வாங்குனீங்க?"

"அதுவும் அந்தப் புள்ளதான் சார்" என்று நடந்ததைச் சொன்னார். எப்படியும் வேலை கிடைக்கப் போவதில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கேட்டு முடித்த பிரசாந்த், "என்னையும் இதே கேள்விதான் சார் கேட்டாங்க. 2013. சென்னைல. ஸ்டாம்பு சேக்குறியே, எந்த நாட்டு ஸ்டாம்பு புடிக்கும்னு. நான் வாயே தொறக்கல. வேலை போச்சு. வெளிய வந்து நேரா பெரிய போஸ்ட் ஆபீசுக்குப் போயி நாலு ஸ்டாம்பு வாங்குனேன், அடுத்த இன்டர்வியூவுல சொல்லணுமேன்னு. அடுத்த எடத்துல கேக்கவே இல்ல. ஆனா வாங்குன பழக்கம் விடல. இப்ப வீட்டுல ஒம்பது ஆல்பம் இருக்கு. என் சம்சாரம் ஒங்களத் தேடிக்கிட்டு இருக்கா" என்றார்.

"என்னயா?"

"என்னோடத அடிச்சது நீங்கதான் சார். ஒங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது."

திருப்பதி அவர் முகத்தைப் பார்த்தார். முகம் ஒன்றும் சொல்லவில்லை. "முழுப் பேரு சொல்லுங்க" என்றார்.

"ஆர். பிரசாந்த்."

"கந்தர்வக்கோட்டை. அப்பா பேரு ராக்கன். பி.பி.ஏ., அறுபத்தோரு பர்சென்ட்" என்றார் திருப்பதி. "மூஞ்சி நெனவில்ல சார். மாத்தி அடிச்சது மட்டும் கையில நிக்கும்."

செபமாலை அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிரசாந்த் தாளைத் திருப்பிக் காட்டினார். "எல்லாம் சரி. இது என்ன சார்?" அவர் விரல் வைத்த இடத்தில் ஒரு வரி. முன் அனுபவம்: இல்லை.

திருப்பதி தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மணிமேகலை 'இனிமேதான்' என்று சொன்ன வரி. நாலாயிரம் பேருக்கும் மாற்ற வேண்டியிராத ஒரே வரி அது. வந்தவர்கள் எல்லோரும் புதுசாகப் பட்டம் வாங்கியவர்கள் தானே. கை அதைத் தாண்டிப் போயே பழகியிருந்தது. இருபத்தோரு வருஷம் உட்கார்ந்து தேய்ந்த நாற்காலிக்கு அந்த ஒரு பக்கத்தில் இடமே இல்லை.

"இத யாருக்கும் மாத்துனதில்ல சார்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கிப் போயிருந்தது.

பிரசாந்துக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "மேனேஜ்மென்ட்ல ஃப்ரெஷர்ஸ்தான் கேக்குறாங்க. டிகிரி இந்த வருசம்தான், அது சரி. ஆனா வயசுன்னு வரும்போது… நாங்க சொல்லி அனுப்புறோம் சார்." அந்த வாக்கியத்தின் அர்த்தம் கீரனூரில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டுவிட்டு வந்து மறு காப்பி எடுத்தவர்களால்தான் பல மாதம் கடை ஓடியது. திருப்பதி எழுந்தார்.

"இருங்க" என்றார் செபமாலை. காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதானாம். டிராயரிலிருந்து எட்டுப் பக்கக் காகிதக் கட்டு ஒன்றை எடுத்துத் தள்ளினார். "நாங்க அனுப்புற ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு டெஸ்ட் சர்ட்டிபிகேட் கூடப் போகணும். பசங்க பழசத் தொறந்து மேலயே மாத்தி அடிக்கிறாங்க. போன மாசம் ஒரு லோடு அப்படியே திரும்பி வந்துருச்சு. குழாய்ல ஒரு கொறையும் இல்ல. பேப்பர்ல பழைய பார்ட்டி பேரு இருந்துச்சாம். அதுக்கப்புறம் திருத்துன பேப்பரு இது. நாலு பேரு பாத்தாச்சு. சும்மா ஒரு பார்வை பாருங்க."

திருப்பதி மறுபடி உட்கார்ந்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்தார். இந்த மாதிரித் தாளை முன்னேபின்னே பார்த்ததில்லை. இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்றின்மேல் ஒன்றை அடித்த தாள் எப்படி இருக்கும் என்று தெரியும். எங்கே கை ஓடியிருக்கும், எங்கே தூங்கியிருக்கும் என்று தெரியும். பத்து நிமிஷத்தில் எட்டுப் பக்கத்தையும் பார்த்து முடித்தார்.

"ரெண்டாம் பக்கத்துல தேதி பழசு. நாலாம் பக்கத்துல மேல வேற கம்பெனி பேரு, எழுத்து சின்னதா இருக்கு பாருங்க. கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டவரு பேர மாத்திட்டாங்க, கீழ பதவி பழைய ஆளோடது. தமிழ்ச்செல்வன் ஒங்க ஆளுதான? அவரு சென்னை ஆபீஸ் மேனேஜரா?"

"அவரு இங்க இன்ஸ்பெக்டரு" என்றார் செபமாலை. "முத ரெண்டு எனக்குத் தெரியும். வேணும்னுதான் விட்டு வச்சேன். மூணாவது எனக்கே தெரியாதே! எப்படிங்க?"

"பேர மாத்துறவன் அதுக்கடுத்த வரிய மாத்த மாட்டான் சார்." திருப்பதி மேஜைமேல் கிடந்த தன் பயோடேட்டாவைக் காட்டினார். "நானே மாத்தல."

செபமாலை பிரசாந்தைப் பார்த்த பார்வையில் வயது, மேனேஜ்மென்ட் எல்லாம் அடங்கிப் போனது. "ஃப்ரெஷரோ என்னமோ, எனக்கு இவரு வேணும்" என்று சொல்லிவிட்டு ஷூ சத்தம் கேட்க வெளியே போனார்.

ஆடி மூன்றாம் வாரம் உத்தரவு வந்தது. கிராஜுவேட் டிரெய்னி. ஆறு மாதப் பயிற்சி, வைஷ்ணவியோடும் இன்னும் இரண்டு பேரோடும். திலகவதி அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "டிரெய்னியா! நாப்பத்தெட்டு வயசுல பயலோட பயலா! டிபன் பாக்சுக்கு ஸ்பூன் வைக்கணுமா?" என்றார். பிறகு உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். கம்பெனி விளம்பரத்தில் கேட்டிருந்த எட்டுத் திறன்களில் இவரை எடுத்த திறன் இல்லை. அடுத்த வருஷ விளம்பரத்திலும் அது இருக்காது. அதே எட்டுதான் வரும். யாராவது பழைய ஃபைலைத் திறந்து, வருஷத்தை மட்டும் மாற்றுவார்கள்.

கடையைக் காலி பண்ணும் நாளில் மேஜைக் கண்ணாடியைத் தூக்கினார். ராஜாளி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்க்கவில்லை. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியின் அந்த மூலையை அதில் ஊற வைத்து, டீ குடித்துவிட்டு வந்து எடுத்தார். கிழியாமல் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். முன் அனுபவம் என்ற இடத்தில் இருபத்தோரு வருடம் என்று பேனாவால், அழுத்தி எழுதினார். பொழுதுபோக்கு என்ற இடத்தில் தபால்தலை சேகரிப்பு என்று எழுதினார். படிவத்தை வாங்கிப் பார்த்த பிரசாந்துக்குச் சிரிப்பு வந்தது.

"சார், இன்னுமா இத விடல?"

"இப்ப நெசம் சார்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து, உள்ளேயிருந்த ராஜாளியை நீட்டினார்.

பிரசாந்த் டிராயரிலிருந்து லென்ஸை எடுத்தார். ஆபீசிலும் ஒன்று வைத்திருக்கிற ஆள். முன்னால் பார்த்தார், திருப்பிப் போட்டுப் பார்த்தார், ஓரத்துப் பல்லை எண்ணினார். "சாதாரண ஸ்டாம்புதான் சார். லட்சக்கணக்குல அடிச்சிருப்பாங்க. பெருசா ஒண்ணும் இல்ல." லென்ஸைக் கீழே வைக்கவில்லை. "ஆனா என்கிட்ட இல்ல."

திருப்பதி கையை நீட்டினார். பிரசாந்த் மனசில்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

"ஒங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான இருக்கு. அத வச்சு என்ன செய்யப்போறீங்க? எனக்குத்தான் குடுங்களேன் சார்."

திருப்பதி அதை உறைக்குள் போட்டு, பையில் வைத்து, மேலே கைவைத்துப் பார்த்துக்கொண்டார்.

"ஜெராக்ஸ் வேணும்னா எடுத்துத் தர்றேன் சார்" என்றார்.